மூன்றடி பத்தங்குலம்

ஓக்லஹோமாவில் எங்கள் பாக்ஸ்லி மைதானத்தில் அந்த ஜூலை மாதம் நடந்த பெண்பிள்ளைகள் பேஸ்பால் மாதிரி ஆடுகிற சாஃப்ட்பாலின் நான்கு நாள் போட்டியில், ரோண்டா பிக்ஃபோர்டின் மடக்கு நாற்காலி அவளோடு சேர்ந்து மூன்றடி பத்தங்குலம் தரைக்குள் இறங்கியது. மைதானத்தைப் பராமரிக்கும் வெர்ன் லுட்கே டேப் வைத்து அளந்தார், ஆகவே இதில் கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ ஒன்றுமில்லை. பாக்ஸ்லி மண் செம்மண். ஜூலையில் செங்கல்லாக இறுகிக் கிடக்கும். நிழல்பந்தலுக்கு முளை அடிக்க முடியாமல் எல்லாரும் வாளியில் மணல் நிரப்பிப் பந்தல்காலில் கட்டுவார்கள். அந்த மண்ணில்தான் பெற்றவர்களின் நாற்காலிகள் இறங்கும். கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆள் எடுக்க வருகிற அந்த நான்கு நாளும், வருஷா வருஷம் நடப்பதுதான். பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒரு பயிற்சியாளர் பார்த்தால் அரை அங்குலம். பார்த்துவிட்டுக் குறிப்பும் எடுத்தால் ஓர் அங்குலம். திங்கட்கிழமை வெர்ன் தள்ளுவண்டியில் மண் கொண்டுவந்து குழிகளை மூடுவார். சாதாரணமாக இரண்டு வண்டி போதும். அந்த வருஷம் ரோண்டா ஒருத்திக்கே ஐந்து வண்டி பிடித்தது.

விவரம் தெரிந்த பெற்றோர் யாரும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை. மட்டை பிடிக்கும் இடத்துக்குப் பின்னால் கம்பிவலை, வலைக்குப் பின்னால் பயிற்சியாளர்கள், அது அவர்கள் இடம். பெற்றோர் மைதானத்தின் மறுகோடியில், வேலிக்கு அப்பால் பந்தல் போட்டுக்கொள்வார்கள். பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் தாய் தகப்பனையும் பார்த்துத்தானே முடிவு செய்கிறார்கள். கூச்சல் போடுகிற அப்பனின் பெண் பெயர்மேல் அங்கேயே கோடு விழும். பயிற்சியாளர் பெற்றோரிடம் பேசவும் கூடாது, விதி. சம்பந்தி வீட்டார் இரண்டு பக்கமும் வாய் திறக்காமல் உட்கார்ந்து பெண் பார்ப்பது போன்ற ஏற்பாடு. தூரத்திலிருந்து பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, எண்ணுவது. நம் பிள்ளையின் ஆட்டத்துக்கு எத்தனை தொப்பி வந்திருக்கிறது, பக்கத்து மைதானத்துக்கு எத்தனை. ரோண்டா இதற்காகவே பறவை பார்க்கிற தொலைநோக்கி ஒன்று வைத்திருந்தாள். அதில் அவள் ஒரு பறவையையும் பார்த்ததில்லை.

ரோண்டா பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். அவள் மகள் டேட்டமுக்குப் பதினாறு வயது, பந்தைப் பிடிப்பவள், அதாவது முகமூடியும் நெஞ்சுக்கவசமும் மாட்டிக்கொண்டு ஆட்டம் முழுக்கக் குந்தியிருப்பவள். எதிரே நின்று வீசுபவள் பிரின்லி ஓக்ஸ். பிரின்லியின் அம்மா மார்லா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இரண்டு வீடும் ஒரே தெருவில். மற்ற வீடுகளில் அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மகள் வீசுவதைப் பிடிப்பார். பிரின்லியின் அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டதால் அந்த வேலையும் டேட்டமுக்கு வந்தது. பத்து வயதிலிருந்து ஆறு வருஷம், பள்ளி விட்டதும் ஓக்ஸ் வீட்டுக் கொல்லையில் குந்தி உட்கார்ந்து பிரின்லிக்குப் பிடித்துக் கொடுத்தாள். பிரின்லியின் பந்து வருஷத்துக்கு வருஷம் வேகமானது. டேட்டமின் இடது கட்டைவிரல் வருஷத்துக்கு வருஷம் வீங்கியது. மார்லா நன்றி மறக்கிறவள் அல்ல. ஒவ்வொரு முறையும் கேக் செய்து அனுப்புவாள். கேக்கும் நன்றாகவே இருக்கும். ரோண்டாவால் பொறுக்க முடியாதது அதுதான். மார்லா ஒரு தடவையாவது கெட்டவளாக நடந்துகொண்டிருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும்.

வியாழக்கிழமை, பாக்ஸ்லியின் ஐந்து மைதானங்களில் நான்காவதில், வலைக்குப் பின்னால் ஒன்பது பேர், ஒன்பது பேர் கையிலும் பந்தின் வேகம் பார்க்கிற துப்பாக்கி. பிரின்லி கையைச் சுழற்றும்போதெல்லாம் ஒன்பதும் சேர்ந்து உயர்ந்தன. ரோண்டாவின் நாற்காலி ஒரு சாண் இறங்கியது. மார்லா அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி உறைந்த திராட்சைக் கிண்ணத்தை நீட்டினாள்.

"இங்க மண்ணு ரொம்ப இளகலா இருக்கு" என்றாள் ரோண்டா.

"ஆமாமா, இளகல்தான்" என்றாள் மார்லா. அவளுடைய நாற்காலி கட்டாந்தரையில் கட்டில் போல நின்றது. அவள் நாற்காலி என்றைக்கும் இறங்கியதில்லை, இறங்க அவசியமும் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ரோண்டா பந்தலின் மறுமூலையில் போய் உட்கார்ந்தாள். இடம் மாற்றிப் பயனில்லை, விட்ட ஆழத்திலிருந்துதான் தொடங்கும். மத்தியானத்துக்குள் இடுப்பு வரை போய்விட்டது. அவள் கணவன் கர்ட் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, வண்டி டயரைப் பார்த்து வருகிறேன் என்று போனான். அந்த நான்கு நாளும் டயர் பார்த்தே கழித்தான். சனிக்கிழமை நெஞ்சுவரை. இப்போது ஒரு சங்கடம். மைதானத்து வேலியில் கடைக்காரர்கள் விளம்பரத் துணி கட்டியிருந்தார்கள், உட்கார்ந்தால் அதற்கு மேலே தொப்பிகள் தெரியும். நெஞ்சளவு புதைந்தவளுக்கு டிராக்டர் விளம்பரம்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் மார்லாவிடமே கேட்க வேண்டியதாயிற்று.

"எத்தனை துப்பாக்கி?"

"அது எதுக்குடி உனக்கு? தண்ணி குடி."

"எத்தனைன்னு கேட்டேன்."

"இருபத்திமூணு" என்றாள் மார்லா, ஏதோ தான் செய்த தப்பு மாதிரி. ரோண்டா தோள்வரை போனாள். மார்லா அவள் பின்கழுத்தில் ஐஸ் துண்டை வைத்து அழுத்தினாள், அது இன்னும் ஓர் அங்குலம்.

அன்று சாயங்காலம் கர்ட்டும் வெர்னும் அவளை நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்தார்கள். தங்கியிருந்த விடுதியின் வாசலில் வண்டியை நிறுத்தியதும், கர்ட் சாவி வாங்க உள்ளே போன நேரத்தில், ரோண்டா பின்சீட்டில் இருந்த மகளிடம் பேசினாள்.

பந்தைப் பிடிப்பவளின் சாமர்த்தியம் ஒன்று உண்டு. கொஞ்சம் விலகி வருகிற பந்தைப் பிடித்ததும் கையுறையை அசையாமல் நிறுத்துவாள்; நடுவர் அதை நல்ல பந்து என்றே சொல்வார். பிடித்த கை சரிந்தால் நல்ல பந்தும் கெட்ட பந்தாகிவிடும்; நாலு கெட்ட பந்து சேர்ந்தால் மட்டைக்காரி அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்கலாம். வீசுபவளின் பெருமையில் பாதி, பிடிப்பவளின் மணிக்கட்டில் இருக்கிறது.

"நாளைக்கு நிறுத்தாதே" என்றாள் ரோண்டா. "கை போற பக்கம் போகட்டும்."

"அம்மா, அவ என் ஃப்ரெண்டு."

"ஆறு வருஷம் குந்திக் குந்தி உன் முட்டி தேஞ்சுது. பேரு யாருக்கு? உன்னை எவனாவது திரும்பிப் பாத்தானா? ஒருத்தன்?"

டேட்டம் வீங்கிய கட்டைவிரலை நீவிக்கொண்டாள். இதில் அம்மா சொன்னது உண்மை என்றே அவளும் நினைத்திருந்தாள், அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை காலை விடுதியில், பெரிய பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஒருவர் மார்லாவுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசவில்லை, கதவைத்தான் பிடித்தார். மைதானத்தில் ரோண்டா உட்கார்ந்ததும் நாற்காலி நிற்காமல் இறங்கி, நெற்றி மட்டும் தரைக்கு மேல் இருக்கும்படி நின்றது. குழி பீப்பாய் அகலம் இருந்ததால் மூச்சுக்குக் குறைவில்லை.

ஆட்டம் தொடங்கியது. டேட்டம் அம்மா சொன்னபடி செய்தாள். நல்ல பந்து ஒவ்வொன்றும் கையுறையில் விழுந்ததும் சரிந்தது, நடுவர் இல்லையென்று தலையை ஆட்டினார், எதிரணிப் பெண்கள் மட்டையை அசைக்காமலே ஒவ்வொருத்தியாக முதல் தளத்துக்கு நடந்தார்கள். மேலே மார்லா தானாகவே எண்ணிக்கொண்டிருந்தாள். "பதினெட்டு... பன்னெண்டு... என்னடி ஆச்சு என் பொண்ணுக்கு? எல்லாரும் அஞ்சாம் மைதானத்துக்குப் போறாங்களே." குழிக்குள் ரோண்டாவுக்கு இனித்தது. உடம்பு லேசானது. நாற்காலி மூன்று அங்குலம் மேலே வந்தது.

அந்த மூன்று அங்குலத்தில் அவள் கண் புல்லுக்கு மேல் வந்தது. விளம்பரத் துணிக்கும் தரைக்கும் நடுவே ஒரு கையகல இடைவெளி இருந்தது, இத்தனை வருஷத்தில் அந்த மட்டத்திலிருந்து யாரும் பார்த்ததில்லை. ரோண்டா தொலைநோக்கியை வைத்தாள். வலைக்குப் பின்னால், ஓரமாக, கவிழ்த்த வாளிமேல் சாம்பல் தொப்பி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கி கிடையாது. மடியில் ஒரு ஸ்டாப்வாட்ச். முதல் தளத்துப் பெண் ஓடினாள், டேட்டம் எழுந்து இரண்டாம் தளத்துக்கு எறிந்தாள், ஸ்டாப்வாட்சின் மேல் தொப்பிக்காரியின் கட்டைவிரல் இரண்டு தரம் அசைந்தது. பிரின்லி வீசும்போது அசையவில்லை. ஸ்டாப்வாட்ச் வீசுபவளுக்கு அல்ல. குந்தியிருப்பவள் எழுந்து எறிய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதற்கு. சாஃப்ட்பால் தாய்க்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

"மார்லா, சாம்பல் தொப்பி. வாளிமேல. எப்ப வந்தா?"

"அவங்களா? வியாழக்கிழமையிலேர்ந்து அங்கதான் இருக்காங்க. எல்லா ஆட்டத்துக்கும் வராங்க. கையில துப்பாக்கி இல்லையேன்னு நான் எண்ணல."

அதற்குள் டேட்டம் கையிலிருந்து இன்னொரு பந்து சரிந்து உருண்டது. சாம்பல் தொப்பிக்காரி முகம் சுளித்தாள். ஸ்டாப்வாட்சின் கயிற்றைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

ரோண்டா எழப் பார்த்தாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து உந்தினாள், மண் விடவில்லை. கர்ட் டயர் பக்கம் இருந்தான். அவளுக்கு எட்டுகிற தூரத்தில் உலகத்திலேயே ஒருத்திதான் இருந்தாள்.

"நான்தான் அவளைக் கைய விடச் சொன்னேன்" என்றாள். "பிரின்லி பந்தை. நேத்து வண்டியில வச்சு நான்தான் சொன்னேன். போய் நிறுத்தச் சொல்லு. சாம்பல் தொப்பி என் பொண்ணைப் பாக்க வந்திருக்கா, மார்லா. எழுந்து போகப் போறா."

மார்லா குனிந்து குழிக்குள் பார்த்தாள். முகம் செம்மண் நிறமாகிவிட்டது.

"ஆறு வருஷம் ஒரே நிழல்ல உக்காந்தோமேடி" என்றாள். "உன்னை அப்படியே மண்ணைத் தள்ளி மூடணும்."

"மூடு. முதல்ல போய்ச் சொல்லு."

மார்லா வேலிக்குப் போனாள். ஆறு வருஷமாகக் கைதட்டுவதைக்கூட விரல் நுனியால் தட்டியவள், நாற்பது பிள்ளைகளைப் பேருந்தில் அடக்குகிற குரலைத் திறந்தாள். "டேட்டம்! உங்கம்மா சொன்னதைத் தூக்கிக் குப்பையில போடு! பந்தைப் பிடிச்சு நிறுத்து!" ஐந்து மைதானத்திலும் ஆட்டம் ஒரு நொடி நின்றது. நடுவர் முகமூடியைக் கழற்றினார். வலைக்குப் பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் வேலியைப் பார்த்தார்கள், நாலைந்து பேர் தாளில் பிரின்லியின் பெயர்மேல் கோடு கிழித்தார்கள். டேட்டம் முகமூடிக்குள்ளேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த பந்து கையுறைக்குள் வந்து அசையாமல் நின்றது. அதற்கடுத்த பந்துக்கு தளங்களில் நின்ற மூன்று எதிரணிப் பெண்களில் துணிச்சல்காரி ஒருத்தி தளத்தை விட்டு நகர்ந்தாள்; டேட்டம் மண்டியிட்டபடியே எறிந்தாள், அவள் தளத்துக்குத் திரும்புமுன் பந்து அங்கே போய்ச் சேர்ந்தது. சாம்பல் தொப்பிக்காரி பாதி எழுந்தவள், வாளிமேல் திரும்ப உட்கார்ந்து, பையிலிருந்து கயிற்றை இழுத்தாள்.

மார்லா வேலியைப் பிடித்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்தாம் மைதானத்துக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை வெர்ன் ரோண்டாவின் குழியை மூடினார். வேலியோரம் மார்லா நின்ற இடத்தில் இரண்டு ஷூத் தடங்கள், ஷூ நாடா கட்டுகிற உயரத்துக்கு இறங்கியிருந்தன. அவை ஒவ்வொன்றிலும் ஒரு மண்வெட்டி மண் போட்டு மிதித்துவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது, கேக்கும் வரவில்லை. பெண்கள் இருவரும் மட்டும் கொல்லையில் எப்போதும்போல வீசிப் பிடித்தார்கள், டேட்டம் பிரின்லியிடம் எல்லாவற்றையும் சொல்லி, பிரின்லி ஒரு பந்தை வேண்டுமென்றே அவள் தோளில் வீசி, கணக்கு அத்தோடு தீர்ந்தது. அதற்கு முன்பே, பயிற்சியாளர்கள் போன் செய்ய அனுமதி கிடைக்கிற அந்த வருஷத்து செப்டம்பர் முதல் தேதி காலையில், டேட்டமை அழைத்தது சாம்பல் தொப்பிதான். கான்சஸில் நல்ல கல்லூரி, படிப்புச் செலவு அவர்களுடையது. பிரின்லிக்கு வந்ததும் கல்லூரிதான், ஆனால் பெயர் சொன்னால் எந்த மாநிலம் என்று கேட்கிற கல்லூரி. கதவைப் பிடித்தவர் அழைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, டேட்டமின் முதல் கல்லூரி ஆட்டத்துக்கு மார்லா வந்தாள். பிரின்லி தோள்வலியால் அந்தப் பருவம் ஆடவில்லை. மார்லா தன் நாற்காலியை விரித்து, வேலிக்கு அப்பால் புல்மேட்டில் ரோண்டாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். டேட்டமின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள், கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மார்லாவும் கைதட்டினாள், இரண்டு உள்ளங்கையாலும். அவள் நாற்காலி மெதுவாக ஒரு சாண் இறங்கியது, பிறகு இன்னும் நாலு விரற்கடை.

ரோண்டா அதைப் பார்த்தாள். முதலில் இனித்தது, அதை மறைப்பானேன். தன் நாற்காலிக் கால்களை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள், அவை புல்மேல் நின்றன. பிறகு பெட்டியைத் திறந்து உறைந்த திராட்சையை ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினாள். மார்லா இரண்டு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு, ஆட்டத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இந்த ஊரு மண்ணு இளகலா இருக்கு, இல்ல?"

"ஆமாமா" என்றாள் ரோண்டா. "ரொம்ப இளகல்."