ஒரிஜினல் பம்பர்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் மொத்தம் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு மேலே ஒரு டைரக்டர். விசிட்டிங் கார்டில் கம்பெனியின் பெயரைவிட 'நிர்வாக இயக்குநர்' என்பது பெரிய எழுத்தில் இருக்கும். வெளியாட்கள் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, வீட்டிலிருந்து மனைவி போன் செய்து, "டைரக்டர் ஃப்ரீயா?" என்று கேட்க வேண்டும் என்பது குடும்ப ஏற்பாடு.

பதினோராவது ஆள், ஸ்டோர் கீப்பர், டைரக்டருக்குச் சகலை. அவர் அக்காளைக் கட்டியவர். இவன் தங்கையைக் கட்டியவன். முன்பு வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தவனை, பெண்டாட்டி அக்காளிடம் கெஞ்சி இங்கே சேர்த்துவிட்டாள். ஆறு மாதம் தற்காலிகம். அதற்குமேல் நிரந்தரம் என்று ஒரு கடிதம். ஐந்து மாதம் ஓடிவிட்டது. இந்த வயதில் இன்னொரு தடவை வேலை தேடினால் எவனும் உள்ளே விடமாட்டான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவனுக்கும், டைரக்டருக்கும்.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம். டைரக்டரிடம் 'வேண்டாம்', 'போதும்', 'நிறுத்துங்க' என்று யாரும் சொல்வதில்லை. அப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை. சொன்னவன் ஒருவன் இருந்தான், இப்போது இல்லை, அவ்வளவுதான். பாதகமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் முதலில் ஒரு பாராட்டு, அப்புறம் ஓர் இழுவை, கடைசியில்தான் விஷயம். பசை டிரம் ஓட்டையானபோது மெஷின்காரர் இப்படித்தான் ஆரம்பித்தார்: "சார், நீங்க பாத்து வாங்கின பசை பிரமாதம் சார். என்னமா ஒட்டுது! இப்ப தரையிலயும் ஒட்டிக்கிட்டிருக்கு."

டைரக்டர் புதுக் கார் வாங்கிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பின்னால் எடுக்கும்போது ஏதாவது குறுக்கே இருந்தால் கீக் கீக் என்று கத்தும் கருவி அதில் உண்டு. ஷோரூமிலேயே அதை அணைக்கச் சொல்லிவிட்டார். "என்னைப் பாத்துக் கத்தறதுக்கு அது யாருய்யா?" அதனால் கார் பின்னால் வரும்போதெல்லாம் ஓர் ஆள் போய் நின்று கைகாட்ட வேண்டும். அந்தச் சனிக்கிழமை மத்தியானம், சரக்கு ஏற்றும் முற்றத்தில் கையில் வேலையில்லாமல் அகப்பட்டவன் ஸ்டோர் கீப்பர்.

"வாங்க சார்… வாங்க… அருமையா வர்றீங்க சார்…"

தூணுக்கு மூன்றடி.

"சார், வளைச்சீங்க பாருங்க, அது யாருக்கும் வராது சார். ஒரு சின்ன விஷயம்…"

"என்னய்யா? சத்தமா சொல்லு!"

ஓரடி.

"ஒண்ணுமில்ல சார், நீங்க வர்றது சரிதான். அந்தத் தூண் மட்டும் கொஞ்சம்…"

படார்.

டைரக்டர் இறங்கி வந்தார். பம்பரின் இடது முனை உள்வாங்கி, ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது.

"தூண் கொஞ்சம்? கொஞ்சம் என்ன?"

"அங்கயே இருக்கு சார்."

திங்கட்கிழமை காலை இருவரும் பட்டறைக்குப் போனார்கள். டிங்கர் மேஸ்திரி கட்டைவிரலால் பம்பரை நான்கு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

"சூடு காட்டி உள்ளேருந்து தள்ளுனா வெளிய வந்துரும். விரிசலை ஒட்டவச்சு, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சா ஐயாயிரம். நாளைக்கு வண்டி எடுத்துக்கலாம். புதுசு போட்டா நாப்பத்திரெண்டு ஆவும்."

"பட்டி பாத்த வண்டியில நான் போய் இறங்கறதா?"

"இது பின்பம்பர் சார். உங்களுக்குப் பின்னால வர்றவன்தான் பாப்பான்."

"அவனுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?" என்றார் டைரக்டர். "ஒரிஜினல் போடு."

மேஸ்திரி ஸ்டோர் கீப்பரைப் பார்த்தார். யார் தலையில் விடியும் என்பதைப் பம்பரை அழுத்தாமலே கண்டுபிடிக்கும் அனுபவம் அவருக்கு இருந்தது.

"இன்சூரன்ஸ்ல கேக்கலாமே சார்?"

"கேட்டா அடுத்த வருஷத் தள்ளுபடி போயிரும். நான் யார்கிட்டயும் கைநீட்டிப் பழக்கமில்ல" என்ற டைரக்டர், சகலையின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். "உன்கிட்ட நான் காசு கேக்கமாட்டேன் தம்பி. நான் கேட்டா அது அசிங்கம். நீயா குடுத்தா அது பண்பு. உனக்கு எது வசதியோ செய். இந்த மாசக் கடைசியிலதானே உன் லெட்டர்?"

வீட்டில் பெண்டாட்டி கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்தாள்.

"அக்கா மூணு தடவை போன் பண்ணிட்டா. மாமா சரியா சாப்பிடறதே இல்லையாம்."

"நேர்ல போய் துக்கம் விசாரிச்சுட்டு வரவா?"

"நக்கல் வேற. ஒருத்தர் பின்னால நிக்கச் சொன்னா நின்னு, நில்லுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?"

"சொல்லியிருந்தா பம்பர் இருந்திருக்கும். வேலை இருந்திருக்காது."

அவளுக்கும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழக்கமுண்டு. அங்கேயும் யாரும் 'போதும்' என்று சொல்வதில்லை.

"ஐயாயிரத்துல முடியற வேலைடி."

"அது மாமாவுக்குத் தெரியாதா? பைக்கை வித்துருங்க. வேலை நிலைச்சா வேற வாங்கிக்கலாம். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

பைக் முப்பத்தாறுக்குப் போனது. அவள் ஆறு போட்டாள். பணத்தை உறையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, டைரக்டர் மெஷினை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார்.

"நான் கேட்டேனா? சொல்லு, நான் கேட்டேனா?"

"இல்ல சார்."

"கேக்கல! அவனா கொண்டாந்து குடுக்கறான். பொறுப்புன்னா இது. பாத்துக் கத்துக்குங்க."

பத்துப் பேர் கைதட்டினார்கள். பதினோராவது ஆளும் தட்டினான். சும்மா நின்றால் நன்றாக இருக்காது.

பம்பர் வந்தது, மாட்டியாயிற்று, பளபளத்தது. மறுநாள் முதல் ஸ்டோர் கீப்பர் பஸ்ஸில் வர ஆரம்பித்தான். கம்பெனி ஊருக்கு வெளியே. இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் நேரத்துக்கு வந்தால் இரண்டாவது வராது. எட்டரைக்குக் கையெழுத்து. முதல் நாள் ஒன்பது நிமிடம் தாமதம். அப்புறம் பதினான்கு. ஒரு நாள் மழையில் நாற்பது. டைரக்டர் வருகைப் பதிவேட்டில் தாமே சிவப்பு மையால் சுழித்தார். நல்ல கையெழுத்து அவருக்கு.

மாதக் கடைசி நாள் அறைக்குக் கூப்பிட்டார்.

"வா தம்பி, உக்காரு. வேண்டாம், நில்லு, சீக்கிரம் முடிஞ்சுரும்."

நின்றான்.

"ஸ்டோர்ல ஒரு ஆணி குறையல. அதை நான் ஒத்துக்கறேன். ஆனா இந்த மாசம் ஒன்பது நாள் லேட்டு."

"பஸ்ஸுல வர்றேன் சார்."

"ஏன் பஸ்ஸுல வர்றே? பைக் இருந்துச்சே?"

"வித்துட்டேன் சார்."

"எதுக்கு?"

அவன் டைரக்டரின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது.

"பம்பருக்கு சார்."

"பாத்தியா!" டைரக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் அதை எப்பவோ மறந்தாச்சு. நீ இன்னும் மனசுல வச்சுக்கிட்டு இருக்கே. லேட்டைக்கூட மன்னிச்சுரலாம். இந்தக் குணம் ஆகாது தம்பி. சொந்தக்காரன்னு நான் கண்ணை மூடிக்கிட்டா, மத்த பத்துப் பேரு என்னை மதிப்பானா?"

"சார், வீட்டுல நான் என்னன்னு…"

"அதெல்லாம் உன் பெண்டாட்டிகிட்ட அவ அக்கா காலையிலயே போன்ல சொல்லிட்டா. நீ சங்கடப்பட வேண்டாம்."

மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று விரட்டியபோது பெண்டாட்டி ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று இப்போது புரிந்தது. இன்றைக்கு மட்டும் அவன் சரியான நேரத்துக்கு வந்திருந்தான்.

"இன்னொண்ணு" என்றார் டைரக்டர். "நியாயம்னா நியாயம். புதுசுக்குக் காசு குடுத்தது நீ. அப்ப பழசு உன்னுது. மேஸ்திரி கேட்டான், தரல. பின்னால ஷெட்டுல வச்சிருக்கேன், எடுத்துக்க. வெறுங்கையா அனுப்பினேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாரு."

ஸ்டோரிலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் எழுத வேண்டும். பதிவேட்டில் அவனே எழுதினான்: 'பம்பர், பழையது, ஒன்று.' கொடுத்தவர் என்ற இடத்திலும் பெற்றவர் என்ற இடத்திலும் அவனே கையெழுத்துப் போட்டான். சாவிக்கொத்தை மெஷின்காரரிடம் கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நல்ல மனுஷன்யா நீ" என்று மெல்லச் சொல்லி, அவசரமாக உள்ளே போய்விட்டார்.

சாயங்காலப் பஸ்ஸில் நெருக்கடி. ஆறடிப் பம்பரைக் குறுக்கே திருப்பி, நெடுக்கே திருப்பி, நான்கு பேரிடம் திட்டு வாங்கி உள்ளே ஏறினான். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"என்னய்யா இது?"

"பம்பர்."

"கார் எங்க?"

"கார் வேற ஆளுது."

"காரு அவனுது, பம்பர் உன்னுதா? நல்லா பங்கு பிரிச்சிருக்கீங்க. இது ரெண்டு ஆளு இடம் பிடிக்குது. மூணு டிக்கெட் எடு."

"ரெண்டு ஆளு இடம்தானே? எதுக்கு மூணு?"

"ஏன், நீ ஒரு ஆளு இல்லையா?"

ஸ்டோர் கீப்பர் பம்பரின் விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் நின்றவர், "யோசிக்காம சொல்லுய்யா, நான் இறங்கணும்" என்று பம்பரை முழங்கையால் தள்ளினார்.