பதினாலு பேர் இழுத்த சங்கிலி

பார்ஜ் என்கிற இரும்புச் சரக்குப் படகின் வயிற்றுக்குள் விடிவது கண்ணுக்குத் தெரியாது. ராயபுரத்தில் முதல் கூட்ஸ் வண்டி புறப்படும்போது அடித்தகடு நடுங்கும். அந்த நடுக்கம் உட்கார்ந்திருப்பவளின் தொடை வழியாக முதுகுக்கு ஏறும். மணி ஐந்தரை என்று அர்த்தம். அதற்குள் பூவம்மாவும் மற்றப் பத்துப் பெண்களும் அரிக்கேன் வெளிச்சத்தில் ஆளுக்கொரு முழம் துருவைக் கொத்தி முடித்திருந்தார்கள்.

துரு கொத்துவது சுரண்டுகிற வேலை அல்ல. உளிபோல் முனை வைத்த சுத்தியால் தகட்டை அடிக்க வேண்டும். துரு செதில் செதிலாகத் தெறிக்கும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் தகடு ஓட்டையாகும், திறந்துகொண்டு அடித்தால் கண் போகும். கண்ணாடி வேண்டும் என்று ஒருமுறை கேட்டார்கள். "சினிமாவுல நடிக்கவா போறீய?" என்று முதலாளி சிரித்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது. முந்தானையை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டினாலும் நாக்கில் எந்நேரமும் இரும்பு ருசிதான். பத்து வருஷம் கொத்தியவளுக்குப் பாதிக் காது போயிருக்கும். அதனால் இவர்கள் ரகசியம் பேசுவதே இல்லை.

"இன்னாடி, பொண்ணுக்கு வலி கண்டுச்சா?" பக்கத்திலிருந்து ரஹீமுன்னிசா கத்தினாள்.

"இன்னம் பத்து நாள் கீதாம். அதுக்குள்ள வூட்டுக்காரன் பூட்டு போட்டுடுவான். சனிக்கிழம வரிக்கும்தான் கெடு," என்று பூவம்மாவும் கத்தினாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற மகள், மூன்று மாத வாடகை பாக்கி, ஒற்றை அறை. பூவம்மாவின் கவலையெல்லாம் அந்த அறைக்குள் அடங்கியிருந்தது.

மேல்தளத்து ஓட்டையில் பாஸ்கலின் தலை தெரிந்தது. பட்டறையின் பிட்டர். எல்லாருக்கும் சேர்த்து வாய் அவனுக்கு.

"அக்கா, நேத்து கேட்டுட்டேன். பில்லு வந்தாத்தான் கூலின்னாரு. எங்க வயித்துக்கு யாரு பேர்ல பில்லு போடறது மொதலாளின்னேன். மூஞ்சி செவந்துபோச்சி."

"வாய வச்சிக்கினு சும்மா கெட நைனா. உன்ன வெளிய தள்ளிட்டான்னா நாங்க யார வுட்டுக் கேக்கறது?"

பட்டறை தவசிமுத்துவுடையது. தெற்கேயிருந்து வந்து, பழைய இரும்பு விற்று, கடலோரம் இடம் பிடித்தவர். பார்ஜ்கள் அருள்பிரகாசத்துடையவை. கப்பல் சரக்கைக் கரை சேர்க்க அவருக்கு நாலு பார்ஜ். மூன்றைப் பழுது பார்த்து அனுப்பியாயிற்று. மூன்று பில்லும் அவர் மேஜையில் தூங்கின. வேலை சுத்தமில்லை என்றார் அவர். அவருக்குக் காசு கொடுக்க மனசில்லை என்றார் தவசிமுத்து. நாலாவது இப்போது கரையேறி நின்றது. ஏழு வாரமாகப் பட்டறையில் யாருக்கும் கூலி இல்லை. இரண்டு முதலாளிகள் ஒருவரையொருவர் ஏமாற்றினால் அதைச் சொல்லச் சட்டத்தில் வார்த்தை இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, கறுப்பு அங்கி போட்ட வக்கீல் இருக்கிறார். பதினோரு பெண்களும் மூன்று ஆண்களும் ஏழு வாரம் சும்மா உழைத்ததைச் சொல்ல, சுதந்திரம் வந்து நாலு வருஷமாகியும் ஒரு வார்த்தை பிறக்கவில்லை.

எட்டு மணிக்கு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள்.

"பாஸ்கல் யாரு? நீயா? நட டேசனுக்கு."

"இன்னாத்துக்கு சார்?"

"இந்தப் பார்ஜோட நங்கூரச் சங்கிலியக் காணோம்னு அருள்பிரகாசம் ஐயா புகார் குடுத்திருக்காரு. ஞாயித்துக்கிழமை பட்டறை பூட்டியிருந்தப்ப நீ கடத்திட்டதா உங்க முதலாளி சொல்றாரு."

பாஸ்கல் மாடி ஆபீசைப் பார்த்தான். தவசிமுத்து அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செவ்வாக்கெழம பட்டப்பகல்ல அவருதான் லாரில ஏத்தச் சொன்னாரு சார். எண்ணூருக்குப் போவுதுன்னாரு."

"அதெல்லாம் அங்க வந்து சொல்லு."

கையில் கிரீஸோடு அவனை நடத்திக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் சுத்தியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செவ்வாய்க்கிழமை சங்கிலியை இழுத்தபோது இவர்களும் ஏன் என்று கேட்டவர்கள் அல்லவே. பட்டறைக்கு இரும்பு வரும், போகும். இழு என்றால் இழுப்பார்கள். பில் பாக்கிக்கு ஈடாக அடுத்தவன் சொத்தை விற்கிறார் என்று எந்தச் சங்கிலியில் எழுதியிருந்தது?

கொஞ்ச நேரத்தில் பூவம்மாவை மாடிக்குக் கூப்பிட்டார்கள்.

மேஜைமேல் ஒரு தாள், மைப்பெட்டி, பக்கத்தில் ரூபாய்க் கட்டு. தவசிமுத்து அவளை உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் முதல்முறை. அவள் நின்றாள்.

"மகளுக்கு நிறைமாசமாம்லா?"

"ஆமா மொதலாளி."

"வீட்டுக்காரன் எனக்குத் தெரிஞ்சவன்தான். நான் ஒரு வார்த்தை சொன்னா கம்முனு இருப்பான். சொல்லாட்டா அவன் இஷ்டம்." ரூபாய்க் கட்டை விரலால் நகர்த்தினார். "ஏழு வாரக் கூலி. உனக்கு இப்பமே. மத்தவளுக பெருவிரல் வச்சா அவளுகளுக்கும் இன்னைக்கே. ஒண்ணும் புதுசாச் சொல்லச் சொல்லலை. ஞாயித்துக்கிழமை அந்தப் பய சங்கிலிய ஏத்துததப் பாத்தேன்னு சொல்லணும். அம்புட்டுதான்."

"அவன் செயிலுக்குப் போவானே மொதலாளி."

"ஆறு மாசம். ஒத்தக்கட்டை, இருந்துட்டு வருவான். உன் மக நடுத்தெருவுல பெத்தா அது எத்தனை மாசத்துல சரியாவும்? ரோசிச்சுக்க."

பூவம்மா யோசித்தாள். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ஏழு வாரம் கஞ்சிக்குக் கடன் வாங்கியவள் ரூபாய்க் கட்டைப் பார்த்து யோசிக்கத்தான் செய்வாள். அவள் கை மைப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"இன்னா எழுதிக்கீதுன்னு ஒருதபா படிங்க."

அவர் படித்தார். "மேற்படி பாஸ்கல் என்பவன் தன்னந்தனியாக நங்கூரச் சங்கிலியைத் தூக்கி, கட்டை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனதை நான் என் கண்ணால் கண்டேன்…"

பூவம்மா சிரித்துவிட்டாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை, அடக்க முடியாமல் வந்தது.

"என்ன இளிப்பு?"

"ஒண்டியாவா?"

"ஆமா, ஒண்டியாத்தான்."

"மொதலாளி, அந்தச் சங்கிலில ஒரு கண்ணிய நீங்க தொட்டுப் பாத்துக்கீறீங்களா?"

ஒன்றரை டன் சங்கிலி அது. பலகை சாய்த்து, தோளில் சாக்கு மடித்துப் போட்டு, பதினாலு பேர் வரிசையாய் நின்று, குப்பத்தில் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை அவள் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏலேலம் போட்டு இழுத்த சங்கிலி. இரண்டு மணி நேரம் ஆயிற்று. ரஹீமுன்னிசாவின் தோளில் இன்னும் தோல் மூடவில்லை. இந்த மனுஷன் அதை வாங்கினார், விற்றார், அதற்காகப் பொய் எழுதினார். அதன் கனம் மட்டும் அவருக்குத் தெரியவே இல்லை.

"இத்தப் படிச்சா எங்க குப்பத்துப் புள்ளைங்க சிரிக்கும்," என்றாள். ரூபாயை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு இறங்கி வந்துவிட்டாள்.

கீழே பன்னிரண்டு பேரும் சுத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ரூபாய்க் கட்டையும் மறைக்கவில்லை.

ரஹீமுன்னிசாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "நீ மட்டும் பெரிய மனுஷி, வாணான்னுட்டு வந்துட்டே. எங்கள ஒரு வார்த்த கேட்டியா? என் ஊட்டுக்காரரு மாருவலில படுத்துகினுகீறாரு. ஏழு வாரத் துட்டும்மா அது."

"சரி, போய் வெரல் வையி. யாரு புடிச்சா? ஆனா பாஸ்கல் ஒண்டியாத் தூக்கினான்னு உன் தோளு சொல்லுமா?"

"நாம எல்லாம் ஏத்தினோம்னு போய்ச் சொன்னா நம்பளயும் திருடின்னு உள்ள வச்சிருவான்."

"வப்பான்," என்றாள் பூவம்மா. அதற்கு மேல் அவளிடம் ஆறுதல் எதுவும் இல்லை.

அப்போது வாசலில் கார் நின்றது. அருள்பிரகாசம் இறங்கினார். நாலாவது பார்ஜை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு நேராகப் பெண்களிடம் வந்தார். மாடியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"சங்கிலியை வித்தது அந்தாளுதான்னு எனக்குத் தெரியும்மா. நீங்க எனக்குச் சாட்சி சொல்லுங்க. பாஸ்கல் மேல குடுத்ததை நான் வாபஸ் வாங்கறேன்."

"எங்க ஏழு வாரக் கூலி சாமி?" என்று கேட்டாள் பூவம்மா.

"அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விவகாரம்."

"நீங்க பில்லு குடுக்கலன்னு அவரு சொல்றாரு. அவரு சங்கிலிய வித்துட்டாருன்னு நீங்க சொல்றீங்க. நடுவுல கொத்தினது நாங்க. உங்க மூணு பார்ஜும் தண்ணில மெதக்குதே, அது யாரு கைவேல சாமி?"

அருள்பிரகாசம் கடிகாரத்தைப் பார்த்தார். "நியாயம் பேச நேரமில்லை. நாளை மறுநாள் அமாவாசை. கடல்தண்ணி ஏறுற நேரம் பார்ஜ் இறங்கியாகணும். வெள்ளிக்கிழமை எனக்குக் கப்பல் வருது."

"இறங்காட்டி?" என்று கேட்டது ரஹீமுன்னிசா.

"அப்புறம் பௌர்ணமிக்குத்தான் இறக்க முடியும். பதினஞ்சு நாள் போச்சு. என் தலையில துண்டுதான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்ஜை யார் இறக்குவது என்று அவர் கேட்கவில்லை. பார்ஜ் தானாக இறங்கும் என்றே நினைத்திருந்தார் போலிருக்கிறது. சங்கிலி தானாக லாரியில் ஏறியதுபோல.

பூவம்மா சுத்தியைப் பார்ஜின் மேல் சாத்தி வைத்தாள். "பாஸ்கல் வெளிய வரணும். எல்லாருக்கும் கூலி வரணும். எந்த மொதலாளி குடுப்பாருன்னு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்குங்க. அதுவரிக்கும் இது இங்கியே நிக்கட்டும். யாருக்கும் நாங்க சாட்சி இல்ல. நடந்தத நடந்தபடி சொல்லப் போறோம்."

மாடியிலிருந்து தவசிமுத்துவின் குரல் வந்தது. "ஏய், வாசலத் தாண்டினா திரும்பி வராதீய. நூறு பேரைக் கூட்டியாந்து இறக்குவேன்."

"கூலி பாக்கி வைக்கிற பட்டறைன்னு காசிமேட்டுல தண்டோரா போட்டுட்டுப் போறோம் மொதலாளி. அப்பால வர்றவன் வரட்டும்," என்று யாரோ திருப்பிக் கொடுத்தார்கள். சிரிப்பு எழுந்தது. பயந்த சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு.

பதின்மூன்று பேர் வெயிலில் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். தண்டவாளத்தைத் தாண்டும்போது ரஹீமுன்னிசா பூவம்மாவின் பக்கம் வந்தாள். கோபம் இன்னும் தணியாத முகம்.

"சனிக்கிழம பூட்டு போட்டான்னா போடட்டும். உன் பொண்ண என் ஊட்டுக்கு இட்டாந்துரு. எங்கூட்டுக் கெயவன வெளிய படுக்க வச்சிக்கலாம்."

"அவருக்கு மூச்சு வாங்குமேடி."

"வாங்கட்டும். ஊர்ல கீற காத்தெல்லாம் வெளியதான கீது."

பூவம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு நிற்க அவளுக்கு விருப்பமில்லை.

ஏட்டு எழுந்து வந்தார். "என்ன கும்பல் இது? யாரு செத்தது?"

"சங்கிலி கேசுக்கு வந்தோம் சார். ஒரு பேருதான் எழுதிக்கீறீங்களாம். பதிமூணு பேரு வுட்டுப்போச்சி."

"என்னம்மா உளர்றே?"

"ஒன்ற டன்னு சார் அது. பாஸ்கல் ஒண்டியாத் தூக்கினான்னு எழுதினா கோர்ட்டுல உங்களப் பாத்துத்தான் சிரிப்பாங்க. செவ்வாக்கெழம பகல்ல, மொதலாளி சொல்லி, பதினாலு பேரும் சேந்து ஏத்தினோம். நான்தான் கொரல் குடுத்தேன். திருட்டுன்னா எல்லாருந்தான் திருடங்க. இல்லன்னா ஏத்தச் சொன்னவர இட்டாந்து கேளுங்க."

லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து பாஸ்கல் எட்டிப் பார்த்தான். "அக்கா, உனக்கு இன்னா பேஜாரு? பொண்ணப் பாத்துக்கினு வூட்ல கெடக்கக் கூடாது?"

"நீ சும்மா இர்ரா."

ஏட்டு அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில், முந்தானையில், கால் விரலிடுக்கில், எல்லா இடத்திலும் சிவப்புத் துரு. சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே இல்லை. விரட்டலாமா, எழுதலாமா என்று அவருக்குப் புரியவில்லை. பதின்மூன்று பேரை விரட்டினால் வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள் என்பது மட்டும் புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"எழுதிட்டா அப்புறம் கோடு போட்டு அடிக்க முடியாது, தெரியுதா? கடைசில எல்லாரும் உள்ளே போவீங்க. பேரு?"

"பூவம்மா."

எழுதினார். "அடுத்து?"

ரஹீமுன்னிசா முன்னால் வந்து மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். ஏட்டு பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"பதிமூணு பேரு வாக்குமூலம். பொழுது சாஞ்சிரும்மா. வேலைக்குப் போகலியா நீங்க?"

"இன்னிக்கி வேல இல்ல," என்றாள் அவள். "நாளைக்கும் இல்ல. நீ நிதானமா எழுது சார்."