வீணாகாத தாள்

நம்பிக்கைக்குப் பேர்போன நபித்தோழர் அபூ உபைதாவின் வாழ்க்கையைச் சிறு நூலாக அச்சிடக் கொடுத்தபோது, விருதுநகர் மிளகாய் வியாபாரி மீராசா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இறைவன் பேரு இருக்கு, அண்ணாச்சி. வீணாப்போன தாளையும் எங்கிட்டயே குடுத்துருங்க."

சிவகாசி அச்சக முதலாளி சண்முகவேல் சரியென்றார். ஆனால் சீசன் அவசரத்தில் அந்தத் தாளும் மற்றக் கழிவோடு தாயில்பட்டிப் பட்டாசு ஆலைக்கு வெடிக்குழாய் சுற்றப் போய்விட்டது. செல்போனில் கேட்ட மீராசாவிடம், கொஞ்சமும் கூசாமல், "ஒரு தாள்கூட வீணாகல, பாய்" என்றார்.

"நீங்க சொன்னாச் சரிதான்."

தீபாவளிக்கு இனிப்போடு வந்த மீராசா, சண்முகவேல் வீட்டு வாசலில் வெடித்துச் சிதறிக் கிடந்த காகிதங்களைப் பார்த்துக் குனிந்தார். அவர் எடுத்த துண்டில் கருகாமல் நின்ற வரியைச் சண்முகவேலும் படித்தார்: 'சமூகத்தின் நம்பிக்கைக்குரியவர்.'

மீராசா அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தீபாவளி வாழ்த்து, அண்ணாச்சி" என்று கை நீட்டினார்.

சண்முகவேலுக்குக் கை எழவில்லை.