பட்டியலில் ஐந்தாவது பெயர்

திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்ததுமே எஸ்தரின் கண்ணில் பட்டது அந்த ஐந்தாவது பெயர்.

காஞ்சி காந்தி ரோட்டில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அது. பட்டுப்புடவை டிசைனை எலக்ட்ரானிக் ஜக்கார்டு தறிக்குப் புரியும்படி மாற்றித் தரும் நிரல்தான் அவர்கள் சரக்கு. ஆளுக்கொரு நகல் எடுத்துத் திருத்துவார்கள். எந்த நகல் இன்டர்நெட்டில் யார் கணக்கில், எந்த முகவரியில் இருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. அதற்கு மேனேஜர் லோகேஷ் வைத்த சட்டம் இது: கம்பெனியின் மூலப் பிரதி 'அப்ஸ்ட்ரீம்'. லேப்டாப்புக்குச் சொந்தக்காரரின் நகல் 'ஆரிஜின்'. மற்றவர் நகலுக்கு அவரவர் பெயர்.

எஸ்தரின் பட்டியலில் ஆரிஜின், அப்ஸ்ட்ரீம், கமல், லோகேஷ் என்று நாலுதான் இருக்க வேண்டும். இப்போது 'எஸ்தர்' என்று ஒன்று கூடியிருந்தது. தன் லேப்டாப்பில் தன் பெயரையே யாராவது வைப்பார்களா?

"கமல், என் லேப்டாப்ல கை வச்சியா?"

"அது தொறக்கவே அரை மணி நேரம் ஆவுது. எனக்கு வேற வேல இல்ல பாரு!" என்றான் பக்கத்து மேஜைக் கமல்.

எஸ்தருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புடவை பார்டரில் வரும் அன்னத்தின் மூக்கு ஓர் இழை தள்ளி விழுகிற தப்பை அதற்குள் சரி செய்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சொந்த ஊரான ஓரிக்கைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

'எஸ்தர்' நகலை இழுத்துப் பார்த்தாள். போன வெள்ளிக்கிழமை வரை அவள் எழுதியது மட்டும் இருந்தது. 'ஆரிஜினை' இழுத்தாள். அதில் புதிதாக ஒரு திருத்தம். எழுதியவர்: எஸ்தர். நேரம்: ஞாயிறு காலை பத்து மணி.

ஞாயிறு பத்து மணிக்கு அவள் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தாள்.

திருத்தத்தோடு எழுதியிருந்த குறிப்பைப் படித்தாள். குறிப்பின் கடைசியில் மூன்று புள்ளி வைக்கிற அவள் பழக்கம்கூட அப்படியே இருந்தது. ஆனால் திருத்தம் அற்புதம். அன்னத்தின் மூக்கு இம்மி பிசகாமல் பொருந்தியது.

"நான்தான் சார் முடிச்சேன்" என்று லோகேஷிடம் சொல்லிவிட்டாள்.

செவ்வாயும் புதனும் ஆரிஜினில் புதுத் திருத்தங்கள் வந்து விழுந்தன. ஒரு வரிகூட அவள் எழுதவில்லை. பாராட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை கைரேகை மெஷின் அவள் விரலை மூன்று முறை ஏற்க மறுத்தது. ஒருவழியாக உள்ளே வந்தவளைக் கமல் ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னாமா, இப்பத்தானே சிரிச்சு பேசிக்கினு இருந்தே? அதுக்குள்ள ஏன் உர்ர்னு மூஞ்சி?"

அவள் அப்போதுதான் மாடிப்படி ஏறி வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. லோகேஷ் தன் அறையிலிருந்து குரல் கொடுத்தார். "எஸ்தர், லேப்டாப்ல வேண்டாத பேரையெல்லாம் தூக்கிட்டு வாம்மா. பர்மனன்ட் வேலைக்கு ஆர்டர் ரெடியா இருக்குது."

வேண்டாதது எது? போன வாரத்தோடு நின்றுபோன அந்த 'எஸ்தர்'தான். இந்த ஐந்து நாள் நடுக்கமும் இதோடு ஒழியட்டும் என்று நீக்கும் கட்டளையை அடித்தாள்.

"அட்ரஸ பாத்துட்டு தூக்குமா" என்றான் கமல், தன் திரையிலிருந்து தலையெடுக்காமல். "பேரு யாரு வேணா வெப்பாங்க."

அதற்குள் விரல் என்டரைத் தட்டிவிட்டது.

அதன் பிறகுதான், கட்டளைக்கு மேலே இருந்த முகவரிகளை அவள் படித்தாள். நீக்கிய 'எஸ்தர்' நகலின் முகவரி 'ஓரிக்கை எஸ்தர்'. ஆறு மாதத்துக்கு முன்பு அவளே தொடங்கிய கணக்கு. 'ஆரிஜின்' முகவரியோ 'காஞ்சி எஸ்தர்'. அதை அவள் தொடங்கவே இல்லை.

லேப்டாப்புக்குச் சொந்தக்காரர் ஆரிஜின். மற்றவருக்குத்தான் பெயர். திங்கட்கிழமையிலிருந்தே இந்த லேப்டாப்பில் 'மற்றவர்' அவள்தான்.

"கமல்..."

அவன் திரும்பினான். முன்பின் பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "யாரு வேணும் மேடம்?"

"எஸ்தர்..." என்றாள்.

"எஸ்தரா? சார் ரூம்ல ஆர்டர் வாங்கிக்கினு இருக்குது. நீங்க அந்த சேர்லேர்ந்து எழுந்துக்கோங்க மேடம், இப்ப வந்துடும்."

லோகேஷின் அறைக்கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்த சிரிப்பு, அவளுடைய சிரிப்பு.