உயிரியல், ஆய்வகத்துடன்

எங்கள் குடும்பத்தில் பேரம் பேசாமல் எதுவும் நடந்ததில்லை. அப்பாவுக்கு ஜவுளிக்கடை, பெரியப்பாவுக்குப் பாத்திரக்கடை, மாமாக்கள் இரண்டு பேரும் தரகர்கள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் "அஞ்சு நிமிஷம்" என்போம். "ரெண்டு" என்பாள். மூன்றில் முடியும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு நான் கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, பெரிய மாமா துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: "சம்பளத்தையாவது பேசி வாங்கினியா, இல்ல அவங்க சொன்னதுக்குத் தலையாட்டிட்டு வந்துட்டியா?"

தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் உட்கார்ந்த நாற்காலி என்னவோ பேரம் பேசுகிற நாற்காலியாகவே அமைந்துவிட்டது.

மாடிப்படிக்கு அடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் கால் உடைந்த பெஞ்சுகளுக்கும் நடுவில் என் அறை. எங்கள் கல்லூரியில் ஓரிரண்டு வருடம் படித்துவிட்டு வேறு மாநிலத்துக் கல்லூரிக்கு மாறிப் போகிறவர்கள் என்னிடம் வருவார்கள். மொழி, கணக்கு, வரலாறு, அறிவியல் என்று எல்லாருக்கும் வைத்திருக்கிற பொதுப்பாடங்களை இங்கே முடித்திருப்பார்கள். அவற்றுக்கு வாங்கிய கிரெடிட்டுகள், அதாவது பாடப்புள்ளிகள், அங்கேயும் செல்ல வேண்டும். செல்லாவிட்டால் படித்ததையே மறுபடி படிக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நாங்கள் 'மனிதனும் சமூகமும்' என்று நடத்துவதை அங்கே 'சமூகமும் மனிதனும்' என்று நடத்துவார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்க எட்டுப் பக்கப் பாடத்திட்டமும் மூன்று முத்திரையும் வேண்டும்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் போவது பக்கத்து மாநிலத்தின் பெரிய கல்லூரி ஒன்றுக்கு. அங்கே எனக்கு எதிர் நாற்காலியில் ஒரு அம்மா. பதினோரு வருடமாகப் போனிலேயே சண்டை. நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எதை அனுப்பினாலும் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வார் என்பதால் நான் வைத்த பெயர் கத்தரி. அவர் எனக்கு வைத்திருந்த பெயர் தெரியாது. நல்லதாக இருந்திருக்காது.

"மேடம், பையன் புள்ளியியல் ரெண்டு செமஸ்டர் படிச்சிருக்கான். நீங்க ஒண்ணுக்குத்தான் குடுத்திருக்கீங்க."

"ரெண்டாவது செமஸ்டர்லயும் முதல் செமஸ்டரையேதானே சார் படிச்சிருக்கான்?"

"திரும்பப் படிச்சா நல்லாப் பதியும்ல மேடம்."

"பதிஞ்சிருந்தா மார்க்ல தெரிஞ்சிருக்கும்."

இப்படித்தான் போகும். பாதி கேட்பேன், கால் கிடைக்கும். போனை வைக்கும்போது இருவருக்குமே ஜெயித்த மாதிரி இருக்கும்.

அந்த வருடம் வந்தவர்களில் ஒருவரை மாலை வகுப்பில் எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். முப்பத்து நாலு வயது. ஆஸ்பத்திரிச் சீருடையோடு நேராக வகுப்புக்கு வருவார், அதனால் அந்தப் பெயர். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"உக்காருங்க சிஸ்டர்."

"இன்னும் ஆகலை சார். நான் வார்டு உதவியாளர்தான். படுக்கை மாத்துறது, துடைக்கிறது. நீங்களும் அப்படியே கூப்பிட்டீங்கன்னா ராசி போயிடப் போகுது."

மற்றவர்கள் இரண்டு வருடத்தில் முடிப்பதை அவர் வேலையோடும் இரண்டு பிள்ளைகளோடும் நாலு வருடத்தில் முடித்திருந்தார். வீட்டுக்காரருடைய தொழிற்சாலையைப் பக்கத்து மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பமும் போகிறது. கத்தரியின் கல்லூரியில் நர்சிங் பட்டத்தில் நேராக மூன்றாம் வருடத்தில் ஒரு இடம் கிடைத்திருக்கிறது. நிபந்தனையோடுதான். பத்துப் பொதுப்பாடங்கள் செல்ல வேண்டும்.

"பன்னெண்டு முடிச்சிருக்கேன் சார். ஆனா அந்தப் பத்துல உயிரியல், ஆய்வகத்துடன், கண்டிப்பா இருக்கணுமாம். கோடு போட்டு வெச்சிருக்கேன், பாருங்க." நிபந்தனைக் கடிதத்தில் அந்த வரிக்கு அடியில் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தார். "இது கிடைச்சாத்தான் சார். இல்லன்னா அங்கே போயும் படுக்கைதான் மாத்தணும்."

கவலைப்படாதீர்கள், பதினோரு வருட அனுபவம் என்று சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிறது என்று ஓடினார். கையிலிருந்த கிருமிநாசினி வாசனை மட்டும் அறையில் கொஞ்ச நேரம் இருந்தது.

மதிப்பீட்டை முடிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குக் கத்தரி போன் செய்தார்.

"உங்களோடது இன்னும் நாலு ஃபைல் இருக்கு சார். மூணு பையனுங்க, ஒரு அம்மா. நாலையும் முழுசாப் போட்டா, படிச்சுப் பாத்தீங்களா, இல்ல முத்திரை மட்டும் குத்தினீங்களான்னு மேல இருக்கிறவர் கேப்பார். போன வருஷம் கேட்டார்."

"அதுக்கு?"

"ஒரு வெட்டாவது இருக்கணும். எங்கேன்னு நீங்களே சொல்லுங்க."

பதினோரு வருடத்தில் கத்தரி தன் கைப்பிடியை என் பக்கம் நீட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேகமாகக் கணக்குப் போட்டேன். மூன்று பையன்களுக்கும் சரியாகப் பத்துப் பத்து. ஒன்று போனாலும் படுத்துவிடுவார்கள். சிஸ்டருக்குப் பன்னிரண்டு. ஒன்று போனால் பதினொன்று. அதில் எது நோஞ்சான்? உயிரியல்தான். ஆய்வகம் ஆறு சனிக்கிழமைகளில் அவசர அவசரமாக நடந்தது, பாடத்திட்டத்தில் அதற்கு ஒரே ஒரு வரி. எப்படியும் அதில்தான் இடிப்பார், நாமே முந்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சிஸ்டர் பென்சில் கோடு போட்ட கடிதம் மேஜையில்தான் இருந்தது. மேலே இன்னொரு ஃபைல் கிடந்தது.

"சிஸ்டரோட உயிரியலை விட்டுடறேன் மேடம். மத்த மூணு பேர்கிட்டயும் கை வைக்கக்கூடாது."

"உயிரியலா? நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"சரி. நீங்க சொன்னா சரி."

சரக்கு எடுக்க வந்தவன் "நிச்சயமாவா" என்று கேட்டால் கடைக்காரன் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. எழுந்து போய் டைப்பிஸ்ட்டின் மேஜைமேல் சாய்ந்துகொண்டு, "ஒரு பாடத்தைக் குடுத்து மூணு பசங்களை வாங்கிட்டேன்" என்றேன்.

அவர் தலையைத் தூக்காமலே கேட்டார். "யாரோட பாடத்தை சார்?"

"ஒரு சிஸ்டரோடது. அவங்ககிட்டப் பன்னெண்டு இருக்கு. ஒண்ணு போனாத் தெரியாது."

செவ்வாய்க்கிழமை முடிவுக் கடிதங்கள் வந்தன. மூன்று பையன்களுக்கும் முழுசு. சிஸ்டருடையதில், உயிரியலுக்கு நேரே, 'அனுப்பிய கல்லூரியின் ஒப்புதலுடன் விலக்கப்பட்டது' என்று இருந்தது. கோப்பில் சேர்க்க ஃபைலைத் திறந்தேன். இரண்டு பென்சில் கோடுகள். அவற்றையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், "சார், கொஞ்சம் நகருங்க" என்றபோதுதான் நினைவு வந்தது.

கத்தரிக்குப் போன் செய்தேன்.

"என்ன சார் இப்ப வந்து கேக்கறீங்க? நான் அதுக்கு வெள்ளிக்கிழமை காலையிலேயே டிக் போட்டு வெச்சிருந்தேன். அந்தம்மா ஆய்வக நோட்டைப் பின்னாடி இணைச்சிருந்தாங்களே, நீங்க பாக்கலையா? நாப்பத்தெட்டு பக்கம். இதயத்தை வரைஞ்சிருந்தாங்க பாருங்க, எங்க பொண்ணுங்க ஒருத்திகூட அப்படி வரைய மாட்டா."

"அப்புறம் ஏன் மேடம் வெட்டினீங்க?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க! பதினோரு வருஷமா அரைக் கிரெடிட்டுக்கு மல்லுக்கட்டுற மனுஷன் தானாவே ஒண்ணை விடறார்னா, அதுல நமக்குத் தெரியாத ஓட்டை ஏதோ இருக்கு, நாகரிகமா மூடி மறைக்கிறார்னு நினைச்சேன்."

நான் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். கடைக்காரன் தானாக ஒரு துணியை எடுத்து ஓரமாகப் போட்டால், வாங்க வந்தவள் அதைத் தொடக்கூட மாட்டாள் என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். நல்ல துணியை நானே கிழிசல் என்று காட்டியிருக்கிறேன். அதுவும் என் கடைத் துணி இல்லை.

"திருப்பிப் போட்டுடுங்க மேடம்."

"போட்டா வெட்டே இல்லாமப் போயிடுமே. நாலும் ஒரே குறிப்புல மேல போயிருக்கு. இதை எடுத்தா அந்த மூணு பசங்களையும் கிளறுவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க. அந்தம்மா சீட்டை அடுத்த புதன் வரைக்கும் வெச்சிருப்பாங்க."

யோசித்தேன். யோசித்தேன் என்றால், ஒன்றா மூன்றா என்று யோசித்தேன். ஒரு தட்டில் சிஸ்டர், இன்னொன்றில் மூன்று பையன்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் அடுத்த பக்கம் தூக்கியது. சிஸ்டருக்குப் போன் செய்து சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் எண்ணை எடுப்பேன். இப்போது வார்டில் இருப்பார் என்பேன். மத்தியானம் சாப்பிடுவார் என்பேன். சாயங்காலம் பாவம், களைத்திருப்பார். பிறத்தியார் சவுகரியத்தை நான் அவ்வளவு நினைத்துப் பார்த்த வாரம் வேறு கிடையாது. புதன் வந்தது, போனது.

வியாழக்கிழமை காலை சிஸ்டரே வந்தார். அவருக்கு அனுப்பிய கடிதம் முந்தின நாள் மாலைதான் வீடு சேர்ந்திருக்கிறது. சீருடையில் இல்லை. லீவு போட்டிருந்தார்.

"இதுல 'ஒப்புதலுடன்'னு போட்டிருக்கே, யாரு ஒப்புதல் சார்?"

அதெல்லாம் வழக்கமாகப் போடுகிற வார்த்தை அம்மா என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒன்பது நாளாக அதைத்தான் தயாரித்திருந்தேன். அதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"என் நோட்டுல ஏதாவது தப்பா சார்? சனிக்கிழமை லேப் எடுக்கிற சார்கிட்ட ரெண்டு தடவை காட்டினேனே. நல்லா இருக்குன்னுதானே சொன்னார். நான்தான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன் போல."

சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை போன், மூன்று பையன்கள், வெட்டு, டிக், எல்லாவற்றையும். நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வதைக் கேட்கிற மாதிரி, நடுவில் பேசாமல் கேட்டார். முடிந்ததும் கேட்டார்.

"ஏதாவது ஒண்ணை வெட்டினாப் போதும்னாங்களா?"

"ஆமாம்மா."

"அது உயிரியலாத்தான் இருக்கணும்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப வரலாறைக் குடுத்திருக்கலாமே சார்." குரல் உயரவே இல்லை. "இல்லன்னா அந்த இசை ரசனை. அது எனக்கு எதுக்கு? ரெண்டையுமே குடுத்திருக்கலாம், அப்பவும் பத்து நிக்கும். உங்க பசங்களுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே."

தரகர் குடும்பத்து வாரிசு நான். ஒன்பது நாள் ஒன்றா மூன்றா என்று தராசைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரே ஃபைலில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றலாம் என்பது தோன்றவே இல்லை. படுக்கை மாற்றுகிறவருக்கு ஒரு நிமிஷத்தில் தோன்றியது.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். கத்தரியிடம் சொன்னேன்: "மேடம், உயிரியலைக் குடுத்துட்டு வரலாறை வெட்டிக்குங்க. அதே ஃபைல்தான்."

"தாராளமாச் செய்யலாமே சார். வெட்டு இருக்குல்ல, போதும். மேலயும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." கத்தரியின் குரலில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது. பிறகு பக்கம் புரட்டுகிற சத்தம். பிறகு, "இருங்க... சீட்டை நேத்து சாயங்காலம் காத்திருப்புப் பட்டியல்ல இருந்த ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்களே. அந்தப் பொண்ணு வந்து கையெழுத்தும் போட்டுட்டா. இதை நேத்து சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"சொல்லியிருக்கணும் மேடம்."

"அடுத்த வருஷம்தான் இனி. இந்த மதிப்பீடும் புதுசாத்தான் போடணும். அந்தம்மாகிட்டப் பக்குவமாச் சொல்லுங்க."

"பக்கத்துலதான் இருக்காங்க."

நான்தான் போனை வைத்தேன்.

சிஸ்டர் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். சாமான்களை ஏற்ற லாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம். அங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கும், அங்கேயும் படுக்கை மாற்ற ஆள் வேண்டும்தானே என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அடுத்த வருடம் முதல் ஆளாக உங்கள் ஃபைலைத்தான் எடுப்பேன், அப்போது எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம் சார். அந்த மேடம் நம்பரைக் குடுங்க. அடுத்த வருஷம் நானே பேசிக்கிறேன்."

எழுதிக் கொடுத்தேன். அவர் அதை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார், மருந்துச் சீட்டைச் சரிபார்க்கிற மாதிரி.

"கடைசியில இருக்கிறது ஏழா, ஒண்ணா சார்?"

"ஏழு."

என் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, அந்த ஏழின்மேல் இன்னொரு தடவை அழுத்தி எழுதிக்கொண்டு போனார்.