ஹார்தோக் சித்தப்பா பஞ்சர் பார்க்கிறார்

1

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து கிடைத்தது. போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து, ஆம்ஸ்டர்டாமில் என் சமையலறையில், பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டே போஸ்ட்மா அம்மாள் சொன்னார்: "உன் சித்தப்பா மாதிரி ஒழுங்கான மனுஷரை நான் பார்த்ததே இல்லம்மா." சித்தப்பாவின் கீழ்வீட்டுக்காரர் அவர். நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றிரவே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 1942 ஜூலையில் கால்வாய்களின் மேல் வெயில்—

வேண்டாம். வெயில் எல்லோருக்கும்தான் அடித்தது.

இரண்டாவது: ஜெர்மானியர் பிடித்த ஊரில் யூதர்கள் டிராமில் ஏறக் கூடாது. ரயிலில் கூடாது. மூன்றிலிருந்து ஐந்துக்குள்தான் கடைக்குப் போகலாம், அதற்குள் முட்டைக்கோஸ் தீர்ந்திருக்கும். எட்டு மணிக்கு மேல் தெருவில் இருக்கக் கூடாது. கோட்டில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும். இப்போது சைக்கிளையும்—

இது கதையில்லை, பட்டியல். (எங்கள் வாழ்க்கையே அப்போது பட்டியலாகத்தான் யூதர்களுக்கான வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. சித்தப்பா அடிக்கோடு போட்டுப் படிப்பார்.)

3

சித்தப்பா ஹார்தோக் பிளிட்ஸ் வைரம் பட்டை தீட்டுபவர். எந்த வேலையையும் அரைகுறையாகக் கொடுத்தறியாதவர். அவர் மகள் யெட்டெக்குப் பதினேழு வயது. அவளுக்குக் கடிதம் வந்திருந்தது: ஜெர்மனியில் வேலை, புதன்கிழமை ரயில் நிலையத்துக்கு வரவும், இரண்டு போர்வை கொண்டுவரவும்.

போஸ்ட்மா அம்மாளின் அக்கா, தன் பண்ணையில் யெட்டெயை ஒளித்துவைக்கச் சம்மதித்திருந்தார். சைக்கிளில் ஆறு மணி நேரம். வீட்டில் ஒரே சைக்கிள். அதைச் செவ்வாய்க்குள் 'நல்ல நிலையில்' ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு.

திங்கட்கிழமையே கொண்டுபோய்விட்டார் சித்தப்பா. அங்கிருந்த அலுவலர் திருப்பி அனுப்பிவிட்டார். பின்சக்கரத்தில் காற்று இல்லை, சரிசெய்து நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

(நானாகக் கற்பனை செய்திருந்தால் அவருக்கு இவ்வளவு அதிர்ஷ்டம் கொடுத்திருக்க மாட்டேன்.)

4

அன்று மாலை சமையலறைத் தரையில் டியூபைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பஞ்சர் ஒட்டுறது சரி. யாருக்கு ஒட்டுறே?" என்றாள் நாத்யே சித்தி.

"நல்ல நிலையில குடுக்கணும்னு போட்டிருக்கு."

"திருடன் வர்றான்னு தெரிஞ்சா காபி போட்டு வெப்பியா நீ?"

"இவ ரயிலுக்குப் போகலேன்னா நம்ம எல்லாரையும் பிடிச்சிட்டுப் போவாங்க, நாத்யே. போனா வேலை. வேலை செஞ்சு யாரும் சாகறதில்ல."

"ஒட்டுங்கப்பா," என்றாள் யெட்டெ. "ஒட்டிட்டு என்கிட்ட குடுங்க. காலைல ஆறு மணிக்குக் கிளம்பிடறேன். கோட்டுல இருந்து நட்சத்திரத்தைப் பிரிச்சிட்டேன். தையல் தடம்தான் கொஞ்சம் தெரியுது."

சித்தப்பா பேசினில் தண்ணீர் பிடித்தார்.

5

சைக்கிளை மகளிடம் கொடுத்துவிடும்படி மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் வேறு யாரோ ஒருவர் எழுந்து வருகிறார். சத்தமாகப் பேசுகிறார், மகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அவர் என் சித்தப்பா இல்லை.

நான்காவது, போஸ்ட்மா அம்மாள் சொன்னபடியே: செவ்வாய் காலை பத்து மணிக்கு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுபோய், ரசீது* வாங்கி—

முடிக்கவில்லை. எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாததால் கோபம் கூடுகிறது.

* போர் முடிந்ததும் காட்டி சைக்கிளைத் திரும்ப வாங்கலாம் என்று பத்திரப்படுத்தினாராம். முகாமிலிருந்து மூன்று பேரும் திரும்பவில்லை.

6

ஆகவே கதையை இங்கேயே நிறுத்தியிருக்கிறேன். பேசினில் தண்ணீர். கண்ணில் வைரம் பார்க்கும் லென்ஸ். சித்தப்பா டியூபை விரற்கடை விரற்கடையாக முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால் ஒட்டிவிடுவார். ஒட்டிவிட்டால் செவ்வாய்க்கிழமை வந்துவிடும். எனவே குமிழியை நான் விடவில்லை. ஒரு சுற்று முடித்து, மறுபடி முதலிலிருந்து பார்க்கிறார். அலுப்பே இல்லாத மனிதர். எதிரே யெட்டெ, ஷூ போட்டுக்கொண்டு, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

குமிழி வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை அவரைத் தலைநிமிர்ந்து அவளைப் பார்க்க வையுங்கள். எனக்கு அது வரவில்லை.