அட்டையில் வரைந்த கை

அப்துல் ரசாக் இறந்து பன்னிரண்டாம் நாள் அவருடைய கருவிப் பெட்டியை மகள் மெஹர் பானு திறந்தாள். உளி துருப்பிடித்துவிடப் போகிறதே, கொஞ்சம் எண்ணெய் தடவி வைக்கலாம் என்பதைத் தவிர அவள் மனசில் வேறொன்றும் இல்லை. மேல்தட்டில் உளிகளும் இழைப்புளியும் இருந்தன. அடித்தட்டில் பழைய லுங்கித் துணியில் சுற்றிய ஒரு மூட்டை.

பிரித்தால் ஒரு ஸ்பூன். சாதாரண எவர்சில்வர் ஸ்பூன்தான், ஆனால் பிடி மட்டும் மரம். கத்தரிக்காய் மாதிரி பருத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுவே ஒரு பள்ளம். பிடியைச் சுற்றித் தோல் வார். அதே போல மரப்பிடி போட்ட ஒரு சீப்பு. அவற்றுக்கு அடியில், சட்டை வாங்கினால் உள்ளே வருமே, அந்த மாதிரி அட்டைகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு வலது கையின் உருவம். யாரோ அட்டைமேல் கையை விரித்து வைக்க, இன்னொருவர் சுற்றிக் கோடு இழுத்திருக்கிறார். மூலையில் அத்தாவின் எழுத்தில் வருஷம்.

மேலே இருந்த அட்டையில் விரல்கள் குட்டையாக இருந்ததால் குழந்தையின் கை என்றுதான் பானு முதலில் நினைத்தாள். வருஷப்படி வரிசையாக வைத்துப் பார்த்தாள். 1969, 1974, 1979, 1984, 1992. குழந்தையின் கை என்றால் வளரும். இந்தக் கை வருஷம் போகப் போகக் குறைந்துகொண்டு வந்திருந்தது. முதல் அட்டையில் விரல்கள் முழுசாக இருந்தன. மூன்றாவதில் பாதி. நான்காவதில் கட்டைவிரலைத் தவிர மற்றதெல்லாம் வெறும் மொக்கு. கடைசி இரண்டு அட்டைக்கும் மட்டும் வித்தியாசம் இல்லை.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவள் பானு. கணவன் சவுதியில் தம்மாமில், அவளும் பிள்ளையும் பீர்க்கன்கரணையில் அத்தா வீட்டில். நாள் முழுக்கக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பேசுவதில் பாதியைக் கேட்டு, மீதியைத் தானே ஊகித்துக்கொள்வது அவளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. அத்தாவைப் பற்றி மட்டும் ஊகிக்க எதுவும் இருப்பதாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் அவர். பெருங்களத்தூர் பட்டறையிலிருந்து சாயங்காலம் ஆறுக்கெல்லாம் சைக்கிள் வாசலில் நிற்கும். அம்மா குல்ஷனுக்கு ஆபரேஷன் ஆகிக் குனிய முடியாமல் போனபோது, ஒரே நாளில் அடுப்பு மேடையை இடித்து அவள் இடுப்பு உயரத்துக்கு மாற்றிக் கட்ட வைத்தார். பானு பிள்ளை பெற்று வந்தபோது குழந்தைத் துணியைத் தானே துவைத்துக் கொடியில் போட்டார். அக்கம்பக்கத்து ஆம்பிளைகள் சிரித்தார்கள். "என் பேரன் மூத்திரம், எனக்கு நாறல" என்று அவரும் சிரித்தார்.

ஒரே ஒரு வழக்கம். ஒரு வாரம் விட்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும், அளவெடுக்கப் போகிறேன் என்று கிளம்புவார். சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்கு வந்துவிடுவார். எங்கே, யாருக்கு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அட்டைகளை எடுத்துக்கொண்டு பானு அம்மாவிடம் போனாள். குல்ஷன் இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கிற காலம் அது. அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இது யாரு கைம்மா?"

"எனக்குத் தெரியாது." மகளை நிமிர்ந்து பார்த்து, "வெள்ளிக்கிழமை எங்கடி போனாரு உங்கத்தா?" என்றாள்.

"என்னைக் கேட்டா?"

"வேற எந்த வீட்டுக்காச்சும் போனாரா? அப்படி ஆளு இல்லியே." குல்ஷன் அட்டைகளைத் திருப்பி நீட்டினாள். "நான் படி தாண்ட முடியாது. நீ போய்க் கேட்டுட்டு வா. எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லு."

மறுநாள் பானு பட்டறைக்குப் போனாள். அத்தாவோடு இருபது வருஷம் அதே கொட்டகையில் பாலிஷ் வேலை பார்த்த தசரதன், ஸ்பூனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தயா? இத எத்தினி வாட்டி செஞ்சாருன்னு நெனிக்கிற? செய்வாரு, எடுத்துகினு போவாரு, திரும்ப எடுத்துகினு வருவாரு, 'இன்னும் ஒரு நூலு கனம் கொறையணுமாம் தசரதா'ம்பாரு. ஒரு ஸ்பூனுக்கு இன்னாத்துக்குய்யா இம்மா பேஜாருன்னு நான் கேட்டேன்."

"அதுக்கு அத்தா என்ன சொன்னாங்க?"

"கஸ்டமரு அப்படி, மரம் தெரிஞ்ச ஆளு, ஏமாத்த முடியாதுன்னாரு. அவ்ளோதான்."

"எங்க போவாங்கன்னு தெரியுமாண்ணா?"

"வாலாஜாபாத் பஸ்ல ஏறுவாரு. ஒரு தபா நான் படப்பை சந்தைக்குப் போசொல்ல கூட ஏறுனாரு. நான் எறங்கிட்டேன், அவரு எறங்கல. கையில ஒரு பொட்டலம். வறுத்த கறி வாசன வந்துகினு இருந்துச்சி."

அடுத்த வெள்ளிக்கிழமை பானு பூத்தை மூடிவிட்டு அதே பஸ்ஸில் ஏறினாள். ஸ்பூனைக் கண்டக்டரிடம் காட்டக் கூச்சமாக இருந்ததால் படப்பையிலேயே இறங்கி, சந்தை ஓரத்து டீக்கடையில் காட்டினாள். வாங்கிப் பார்க்கக் கையை நீட்டிய கடைக்காரர் பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"இது ஹோம்ல இருக்கிறவங்க வச்சிருக்கிறதாச்சே. உனக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"எந்த ஹோம்?"

"பெருவியாதிக்காரங்க ஹோம். இன்னும் ரெண்டு ஸ்டாப்பு போயி, ஏரிக்கரையோட நடக்கணும்."

தொழுநோய். ஏன் அந்தக் கை குறைந்துகொண்டே வந்தது என்பது பானுவுக்கு அப்போது புரிந்தது. யாருடைய கை என்பதுதான் புரியவில்லை.

கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லம் அது. நாலைந்து ஓட்டுக் கட்டடங்கள், வேப்பமரங்கள், ஒரு கிணறு. வாசலில் நின்ற சிஸ்டர் ஸ்பூனைப் பார்த்ததும் சிரித்தார். "அயூப் பாயைத் தேடி வந்தீங்களா? பின்னால கோழிக் கூண்டுகிட்ட இருப்பார்."

கூண்டுக்கு முன்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கைகளுக்கு நடுவே ஒரு தட்டை இடுக்கிக்கொண்டு தானியம் இறைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவரைப் பார்த்துப் பானு நின்றுவிட்டாள். அத்தாவின் நெற்றி. நடுவில் சேர்ந்துகொள்கிற அத்தாவின் புருவம்.

"நீ பானு" என்றார் அவர். "நடையே சொல்லுது. அவன் எங்க? போன வாட்டியும் வரல. உடம்புக்கு முடியலியா?"

"அத்தா மவுத்தாயிட்டாங்க. பதினேழு நாளாச்சு. நெஞ்சு வலி. பட்டறையிலேயே..."

தட்டு சாய்ந்தது. கோழிகள் ஓடி வந்து அவர் காலடியில் சிந்தியதைக் கொத்தின. அவர் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. ஓதி முடித்ததும், "யாரு குளிப்பாட்டினாங்க?" என்று கேட்டார்.

"பள்ளிவாசல்காரங்க."

"நான் செஞ்சிருக்கணும். அவனுக்கு அண்ணன் நான்."

அத்தாவுக்கு ஓர் அண்ணன் உண்டு என்பது பானுவுக்குத் தெரியும். பம்பாய்க்குப் போய் அங்கேயே இறந்துபோனவர் என்று சின்ன வயதில் சொல்லியிருக்கிறார்கள். பம்பாய்க்குப் போனதாகச் சொல்லப்பட்டவர் தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் முப்பத்தாறு வருஷமாகக் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்.

அழுது முடித்துவிட்டு அயூப் பேசினார். தச்சு வேலை முதலில் கற்றுக்கொண்டது அவர்தான், ரசாக் இல்லை. பல்லாவரத்தில் ஒரு மேஸ்திரியிடம் ஐந்து வருஷம். இருபது வயதில் ஒருநாள் உளி வழுக்கிப் பெருவிரலில் இறங்கியது. ரத்தம் பலகையெல்லாம் ஓடுகிறது, அவருக்கு வலியே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் கத்தியபோதுதான் குனிந்து பார்த்தார். மேஸ்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த மாதம் இந்த இல்லத்தில் கொண்டுவந்து விட்டார்கள். ஊரில் பம்பாய் என்று சொல்லிக்கொண்டார்கள்.

"உங்கத்தாவுக்கு அப்ப பதினாறு. எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிக்கிட்டிருந்தான். மேஸ்திரிகிட்ட என் இடம் காலியாச்சு, வீட்ல வேற வருமானமில்ல. என் உளியை எடுத்துக்கிட்டுப் போய் நின்னான். அவனுக்கு மரவேலை புடிக்கவே புடிக்காது தெரியுமா?"

"அத்தாவுக்கா?" பானு நம்பவில்லை.

"ஆரம்பத்துல ஒரு ஸ்டூல் செஞ்சு எடுத்துட்டு வந்து காமிச்சான். மூணு காலுதான் தரையில நின்னுச்சு. நான் சிரிச்சேன். அதுக்கப்புறம் எது செஞ்சாலும் என்கிட்ட வந்து சொல்லுவான், நான் திட்டுவேன். புடிச்சுப்போக அவனுக்குப் பத்து வருஷமாச்சு."

விரல்கள் மரத்துப்போனதும் எதைப் பிடித்தாலும் நழுவியது. யாராவது ஊட்டிவிட வேண்டியிருந்தது. ரசாக் ஒருநாள் சட்டை அட்டையைக் கொண்டுவந்து கையை வைக்கச் சொல்லிக் கோடிழுத்தார். அந்தக் கைக்கு ஒரு பிடி செய்தார். கை மாற மாறப் பிடியும் மாறியது. எண்பத்துமூன்றில் புது மாத்திரை வந்து வியாதி நின்றது. அதற்குள் இல்லத்தில் பதினான்கு பேர் ரசாக்கின் ஸ்பூனில் தாங்களாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர் வந்தால் கையை நீட்டிக்கொண்டு ஒரு வரிசையே நிற்குமாம்.

"நீ பத்தாவதுல கணக்குல முப்பத்தெட்டு மார்க்கு" என்றார் அயூப் திடீரென்று. "இதே ஸ்டூல்ல உக்காந்து அழுதான். உன்கிட்ட நல்ல மார்க்குதான்னு சொன்னானாமே?"

பானுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். குல்ஷனின் முகத்தில் முதலில் ஓர் ஆறுதல் தெரிந்தது. அப்புறம் அது மறைந்து கோபம் வந்தது. "முப்பத்தோரு வருஷம். என் தலைவலிக்கு எந்தப் பக்கம் தைலம் தடவணும்னு தெரிஞ்ச மனுஷன். இதைச் சொல்ல என்னை நம்பலியா? சொன்னா நான் எங்கம்மா வீட்டுக்கு ஓடிப்போயிருப்பேன்னு நெனச்சாரா?"

கல்யாணமான 1962-ல் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பானுவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

அதற்கப்புறம் அத்தாவுடைய இடத்தில் பானு போனாள். அவள் கிளம்பும் வெள்ளிக்கிழமைகளில் குல்ஷன் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் இரண்டாவது முறை, வாசலில் ஒரு தூக்குச்சட்டி தயாராக இருந்தது. "கோலா உருண்டை. மெத்துன்னு செஞ்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்டில் இத்தா முடிந்தது. பெண்கள் வந்து துஆ ஓதிவிட்டுப் போனார்கள். பல்லாவரத்துக்கு வா, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று குல்ஷனின் தங்கை கூப்பிட்டாள். குல்ஷன் மறுநாள் காலையிலேயே புர்கா போட்டுக்கொண்டு நின்றாள். "வாலாஜாபாத் பஸ் எங்கடி நிக்கும்?"

இல்லத்தில் அவளைப் பார்த்ததும் அயூப் எழுந்து நின்றார். கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான்" என்றாள் குல்ஷன். அடுத்த மூச்சிலேயே, "உங்க தம்பி என்னை ஏமாத்திட்டாரு" என்றாள்.

"அவன்மேல தப்பில்லம்மா. உன்னை நிக்காஹ் பண்றதுக்கு முன்னால நான்தான் சத்தியம் வாங்கினேன். வீட்ல சொன்னா, அவன் தேடி வர முடியாத இடத்துக்குப் போயிடுவேன்னேன். பின்னால பொண்ணு பொறந்தா. அவளையும் கட்டிக்குடுக்கணுமே. அவன் நாலஞ்சு வாட்டி கேட்டான், சொல்லிடறேன் அண்ணேன்னு. நான் விடல."

"நாலஞ்சு வாட்டி கேட்டாரா?"

"அல்லா மேல ஆணையா."

குல்ஷன் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்போ உங்களைத்தான் திட்டணும். முப்பது வருஷப் பெருநாள்ல ஒரு பெருநாளாச்சும் என் கையால சாப்பிட்டீங்களா?"

"கறி வந்துச்சே. ஒவ்வொரு வாட்டியும் பொட்டலத்துல வந்துச்சு. மொளகு எப்பவும் ஒரு சிட்டிகை தூக்கல்."

அது குல்ஷனின் சமையல்தான். மதியத்துக்குக் கட்டிக்கொடுத்த கறியைப் பட்டறையில் தின்னாமல் வைத்திருந்து இங்கே கொண்டுவந்திருக்கிறார் அந்த மனுஷன்.

வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அவள் கூப்பிட்டாள். அயூப் சிரித்தார். இங்கே தனக்கு அறுபது கோழியும் பதின்மூன்று கூட்டாளிகளும் இருக்கிறார்கள், அவர்களை யார் திட்டுவது என்றார். நோன்புப் பெருநாளைக்கு வருவதாக மட்டும் ஒத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் குல்ஷன் கேட்க ஆரம்பித்தாள். மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் ரசாக் எப்படி இருந்தார் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். சின்ன வயசில் அவர் குண்டா ஒல்லியா? யாரிடம் அதிகம் அடி வாங்கினார்? காக்கையைக் கண்டால் கடைசிவரைக்கும் ஏன் அப்படிப் பயந்தார்? அயூப் ஒவ்வொன்றுக்கும் கை வீசிக்கொண்டு பதில் சொன்னார். துண்டு எப்போதோ தோளிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது.

ஏரிக்கரைப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பானு மணி பார்த்தாள். "அம்மா, மூணே முக்கால் பஸ் போவுது."

"அடுத்தது எப்ப?"

"அஞ்சே காலுக்கு" என்றார் அயூப்.

"அப்ப நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, குல்ஷன் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "சொல்லுங்க மச்சான். சின்ன வயசுல பாடுவாருன்னு சொன்னீங்களே, நெசமா? என்கிட்ட ஒரு நாளும் பாடினதில்ல."